பழைய கேம், புது எஞ்சின்: ஓப்பன் சோர்ஸ் ரீமேக் எப்படி வேலை செய்கிறது?

"டூம் இப்போ ஃப்ரீதானே?" "ரோலர்கோஸ்டர் டைகூனை யாரோ ஹேக் பண்ணி விட்டிருக்காங்களாமே?" "அதெல்லாம் எமுலேட்டர்தானே?" பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த மூன்று கேள்விகளும் எப்படியும் வந்துவிடும். ஒவ்வொன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசியால்தான் குழப்பம். இலவசம், திருட்டுப் பிரதி, ஓப்பன் சோர்ஸ், எமுலேட்டர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். நிரல் எழுதத் தெரியாதவருக்கும் விளங்கும்படி அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கலாம்.

கேசட்டும் பிளேயரும்

உங்களிடம் ஒரு பழைய பாட்டுக் கேசட் இருக்கிறது. நாடா பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதைப் பாடவைத்த பிளேயர் போய்விட்டது. தயாரித்த கம்பெனியும் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது. கைவேலை தெரிந்த ஒருவர் அதே நாடாவைப் பாடவைக்கும் புதிய பிளேயரைத் தானே செய்கிறார். அதை எப்படிச் செய்வது என்ற வரைபடத்தையும் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறார். பாட்டை அவர் கொடுக்கவில்லை. அது உங்கள் கேசட்டில்தான் இருக்கிறது.

கணினி விளையாட்டிலும் இப்படி இரண்டு பாகங்கள் உண்டு. படம், ஒலி, இசை, வரைபடம், வசனம் எல்லாம் சேர்ந்தது தரவு. அந்தத் தரவை எடுத்துத் திரையில் காட்டி, நீங்கள் விசையை அழுத்தும்போது என்ன நடக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல்தான் எஞ்சின். 1993இல் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் இந்தப் பிரிவு பளிச்சென்று தெரியும். அரக்கர்கள், சுவர்கள், கதவுகள், துப்பாக்கிச் சத்தம் அத்தனையும் 'வாட்' என்ற ஒரே கோப்பில் இருக்கும். எஞ்சின் அதற்கு வெளியே தனி நிரலாக இருக்கும். ஓப்பன் சோர்ஸ் ரீமேக் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எஞ்சினை மட்டும் புதிதாகச் செய்வதைத்தான்.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் நொண்டுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேசட்டில் பாட்டு முழுக்க நாடாவிலேயே இருக்கிறது. விளையாட்டில் அப்படியில்லை. குதித்தால் எவ்வளவு உயரம் போகலாம், அரக்கன் எப்போது திரும்பிப் பார்ப்பான், ரயில் தாமதமாக வந்தால் வருமானம் எவ்வளவு குறையும் என்பவையெல்லாம் பெரும்பாலும் எஞ்சினுக்குள் எழுதப்பட்டவை. ஆகவே புது எஞ்சின் செய்பவர் பழைய விளையாட்டின் குணத்தையும் திரும்பப் பிடித்தாக வேண்டும். இந்த வேலைக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் பிடிப்பது இதனால்தான்.

இதுவரை பார்த்தது: தரவு பழையது, அதற்கு உரிமையாளர் உண்டு, எஞ்சின் புதியது, அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

பழைய நிரல் ஏன் ஓடுவதில்லை?

விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளமான டாஸ் காலத்து விளையாட்டுகள் ஒலி அட்டையோடும் திரையோடும் நேராகப் பேசின. இன்றைய இயக்குதளம் அதற்கு இடம் கொடுக்காது. சில விளையாட்டுகள் அன்றைய பிராசஸரின் வேகத்தையே கடிகாரமாக நம்பியிருந்தன. இன்று அவற்றை அப்படியே ஓட்டினால் கண்ணிமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்தக் காலத்து 16 பிட் நிரல்கள் ஓடவே ஓடாது. 1990களின் நடுவில் வந்த சில விளையாட்டுகளில் விளையாட்டு 32 பிட்டாக இருந்தும் அதை நிறுவித் தரும் நிரல் 16 பிட்டாக இருந்ததால், வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இதற்கு ஒரு வைத்தியம் எமுலேட்டர். டாஸ்பாக்ஸ் போன்ற நிரல் பழைய கணினியையே பாவனை செய்யும், அதற்குள் பழைய எஞ்சின் ஓர் எழுத்தும் மாறாமல் ஓடும். ரீமேக் வேறு வழியில் போகிறது. பழைய எஞ்சினை ஓரம் கட்டிவிட்டு, இன்றைய கணினிக்கென்றே எழுதிய எஞ்சினை அந்த இடத்தில் வைக்கிறது. எமுலேட்டரில் பழைய எல்லைகள் அப்படியே இருக்கும். ரீமேக்கில் அவற்றைத் தாண்டலாம். போக்குவரத்துக் கம்பெனி நடத்தும் விளையாட்டான டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸில் நிலவரைபடம் 256க்கு 256 கட்டங்கள். அதன் ரீமேக்கான ஓப்பன்டிடிடியில் 4096க்கு 4096 வரை போகலாம்.

எஞ்சின் எங்கிருந்து வருகிறது?

நிரலாளர் மனிதர் படிக்கக்கூடிய வடிவத்தில் எழுதுவது மூலநிரல். அதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர் என்ற கருவி. மாற்றும்போது, 'இது கடன் தொகை', 'இது ரயிலின் வேகம்' என்பது போல நிரலாளர் வைத்த பெயர்களும் குறிப்புகளும் உதிர்ந்துவிடும். கடையில் வாங்கிய வட்டில் இருப்பது இந்த உதிர்ந்த வடிவம் மட்டுமே. அதிலிருந்து புது எஞ்சினுக்கு வர மூன்று வழிகள் உண்டு.

சுலபமானது, உரிமையாளரே மூலநிரலைக் கொடுப்பது. டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலை வெளியிட்டது. முதலில் வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1999இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். ஜிபிஎல் என்றால், யாரும் நிரலை எடுத்துத் திருத்தலாம், பரப்பலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கவேண்டும். டாஸ் பதிப்பில் ஒலியைக் கையாண்ட ஆயத்த நிரல்தொகுப்பு வேறொருவருக்குச் சொந்தமானது என்பதால், அன்று வெளிவந்தது லினக்ஸ் என்ற இயக்குதளத்துக்கான பதிப்பின் நிரல்தான். 'வாட்' கோப்பு இந்தத் தானத்தில் சேரவில்லை. முழு டூமின் நிலைகளும் படங்களும் இன்றைக்கும் விலைக்குத்தான். 'டூம் ஃப்ரீதானே' என்ற கேள்விக்கு இதுதான் பதில். 1999இல் குவேக், 2005இல் குவேக் 3 என்று அதே நிறுவனம் பிறகும் தந்தது.

உரிமையாளர் தரவில்லை என்றால் இரண்டாவது வழி, ரிவர்ஸ் இன்ஜினியரிங். ஓடும் நிரலைப் பிரித்துப் பார்த்து அது என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து மூலநிரலைத் திரும்ப எழுதுவது. திரையில் தெரிவது பெயரில்லாத எண்களும் கட்டளைகளும்தான். உதாரணமாக, நினைவகத்தில் ஏதோ ஒரு முகவரியில் உள்ள எண்ணை எடு, இன்னொன்றால் பெருக்கு, மூன்றாவது எண்ணிலிருந்து கழி, முடிவு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் வேறு இடத்துக்குத் தாவு. இதைப் பார்ப்பவர் விளையாட்டைத் திறந்து வங்கிக் கடனை மாற்றுகிறார், முதல் எண் மாறுகிறது. ஓ, இது கடன். அப்படியானால் இரண்டாவது வட்டி, மூன்றாவது கையிருப்பு. மூன்று பெயர்கள் கிடைத்துவிட்டன. இப்படி ஆயிரக்கணக்கில் கிடைத்தாக வேண்டும்.

விளையாட்டு நிரலாளர் கிறிஸ் சாயர் 1995இல் தந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் இப்படிப் பிரித்து எழுதியதில்தான் 2004இல் ஓப்பன்டிடிடி பிறந்தது. அதே சாயரின் ரோலர்கோஸ்டர் டைகூன் ஏறக்குறைய முழுவதும் அசெம்பிளியில், அதாவது பிராசஸரின் கட்டளைகளுக்கு ஒட்டிய மொழியில், எழுதப்பட்டது. 2014இல் தொடங்கிய ஓப்பன்ஆர்சிடி2 குழு இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு கெட்டிக்காரத்தனமான ஒரு வழியைப் பிடித்தது. பழைய நிரலையே உள்ளே ஏற்றிக்கொண்டு, அதன் ஒவ்வொரு சிறு பகுதியாகப் புதிய நிரலால் மாற்றிக்கொண்டே போனார்கள். அதனால் பாதி வேலை முடிந்த நிலையிலும் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது; எந்த மாற்றம் தப்பானது என்பது உடனே தெரிந்தது. கடைசியில் பழைய நிரலே தேவையில்லை என்றானது. டயப்லோ என்ற விளையாட்டுக்கு வேறு விதமான அதிர்ஷ்டம். அதன் ஜப்பானிய பிளேஸ்டேஷன் பதிப்பில் நிரலாளர்கள் வைத்த பெயர்களின் பட்டியல் தவறுதலாக உள்ளேயே தங்கிவிட்டது. டயப்லோவைப் பிரித்தெழுதி 2018இல் வெளியான டெவில்யூஷன் திட்டத்துக்கு அது புதையலாக அமைந்தது.

மூன்றாவது வழியில் பழைய நிரலைத் தொடுவதே இல்லை. விளையாடிப் பார்த்து, விதிகளைப் புரிந்துகொண்டு, தன் போக்கில் எழுதுவது. 1991இல் வந்த சிவிலைசேஷனைப் பார்த்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஃப்ரீசிவ் இந்த ரகம். ரெட் அலர்ட் விளையாட்டை ஒட்டி வந்த ஓப்பன்ஆர்ஏ, அச்சு அசலாக இருப்பதாகச் சொல்லிக்கொள்வதே இல்லை. படைகளின் பலத்தைக்கூட மாற்றிச் சமன் செய்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: கொடுத்ததை வாங்கிக்கொள்வது, பிரித்துப் பார்த்து எழுதுவது, பார்த்துவிட்டுப் புதிதாக எழுதுவது.

பிழையையும் சேர்த்துக் காப்பாற்றுவது

இந்த உலகத்துக்குப் புதிதாக வருபவருக்கு மிகவும் விசித்திரமாகத் தோன்றும் விஷயம் இது. பழைய பிழைகளை வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கும் ரீமேக்குகள் உண்டு.

டூமில் உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து வைக்கலாம். அதற்கு டெமோ என்று பெயர். அது வீடியோ இல்லை. டூம் ஒரு நொடியை 35 துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் நீங்கள் முன்னே போனீர்களா, திரும்பினீர்களா, சுட்டீர்களா என்பது மட்டுமே டெமோவில் இருக்கும். மறுபடி ஓட்டும்போது எஞ்சின் அந்த அசைவுகளை எடுத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் முதலிலிருந்து நடத்திக் காட்டும். அரக்கன் எங்கே நின்றான், குண்டு பட்டதா என்பதெல்லாம் எழுதப்படுவதில்லை. 'தற்செயல்' எண்களும் உண்மையில் தற்செயலானவை இல்லை. 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து வரிசையாக எடுக்கப்படுபவை. ஆகவே எஞ்சின் அதேதான் என்றால் ஆட்டமும் அதேதான்.

இப்போது ஒரு நல்ல மனிதர் புது எஞ்சினில் ஒரு சின்னப் பிழையைத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அரக்கன் ஓர் அடி தள்ளி நிற்கிறான். முன்பு பட்ட குண்டு இப்போது படவில்லை. பட்டியலில் அடுத்த எண் வேறு ஆளுக்குப் போகிறது. சிறிது நேரத்தில் பதிவில் இருக்கும் வீரர் பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு, யாரும் இல்லாத சுவரைச் சுட்டுக்கொண்டிருப்பார். இதை டீசிங்க் என்பார்கள். 1990களில் இருந்து சேர்ந்திருக்கும் அதிவேக ஆட்டப் பதிவுகள் எல்லாம் ஒரு திருத்தத்தில் குப்பையாகிவிடும்.

அதனால்தான் சாக்லேட் டூம் என்ற எஞ்சின் டாஸ் பதிப்பின் குறைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது. அந்தக் காலத்து எஞ்சினில் தரை, கூரைப் பரப்புகளை வரைய 128 இடங்கள்தான் ஒதுக்கப்பட்டிருந்தன. அதைத் தாண்டினால் விளையாட்டு பிழைச்செய்தியோடு நின்றுவிடும். சாக்லேட் டூமிலும் அப்படியே நிற்கும். வேறு டூம் எஞ்சின்கள் இந்த எல்லையைத் தூக்கி எறிந்து பிரமாண்டமான நிலைகளுக்கு வழிவிட்டன. இரு தரப்பினருக்கும் இடையில் உரசல் ஓய்ந்ததே இல்லை. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும்: ஒன்று ஆவணம், மற்றொன்று விளையாட்டு மைதானம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுவான கொள்கை இது: பதிப்புரிமை ஒரு யோசனையைக் காப்பதில்லை, அதன் குறிப்பிட்ட வெளிப்பாட்டைக் காக்கிறது. ரயில் பாதை போட்டுக் காசு சம்பாதிப்பது என்பது யோசனை. அதற்குச் சொந்தக்காரர் இல்லை. அந்த ரயிலின் படமும், இசையும், எழுதப்பட்ட நிரலும் வெளிப்பாடு, அவற்றுக்கு உண்டு. கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் வழக்கு வரும். டெட்ரிஸ் தொடர்பாக 2012இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்றம், விதிகளை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தோற்றத்தையே அப்படியே நகலெடுத்தது தவறு என்று தீர்ப்பளித்தது.

பிரித்துப் பார்ப்பது குற்றமா என்ற கேள்விக்கு எல்லா நாடுகளிலும் ஒரே பதில் இல்லை. 1992இல் சேகா, அக்கோலேட் என்ற இரு விளையாட்டு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில், தன் விளையாட்டுகளைச் சேகாவின் கருவியில் ஓடவைப்பதற்காக அக்கோலேட் நிரலைப் பிரித்துப் படித்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. புரிந்துகொள்ளப் படிப்பதற்குக் கிடைத்த இந்தச் சலுகையை, படித்ததையே வரிக்கு வரி திருப்பி எழுதி வெளியிடுவதற்கும் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிடிஏ 3, வைஸ் சிட்டி என்ற இரண்டு விளையாட்டுகளையும் பிரித்தெழுதிய ஆர்ஈ3 திட்டம் 2021இல் இந்த இடத்தில்தான் மாட்டியது. பிப்ரவரியில் உரிமையாளரான டேக்-டூ நீக்கக் கோரிக்கை அனுப்பியது. செப்டம்பரில் வழக்கே போட்டது. பெயரும் ஒரு கண்ணி. வார்கிராஃப்ட் பாணியில் வந்த ஃப்ரீகிராஃப்ட், 2003இல் வார்கிராஃப்டின் உரிமையாளரான பிளிஸார்டின் எச்சரிக்கைக் கடிதத்தால் நின்றுபோய், பின்னர் ஸ்ட்ராட்டகஸ் என்ற பெயரில் தொடர்ந்தது.

எதிர்த் திசையில் நடப்பவர்களும் உண்டு. ஈஏ நிறுவனம் 2020இல் கமாண்ட் அண்ட் கான்கர், ரெட் அலர்ட் இரண்டின் விளையாட்டு நிரலை ஜிபிஎல்லில் தந்தது. 2025இல் ஜெனரல்ஸ், ரெனிகேட் உட்பட இன்னும் கொடுத்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'யாரும் விற்பதில்லை, அதனால் கைவிடப்பட்டது, எடுத்துக்கொள்ளலாம்' என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. விற்பனை நின்றாலும் உரிமை நிற்பதில்லை.

படத்துக்கும் ஒலிக்கும் எங்கே போவது?

எஞ்சின் தயார். தரவு? பெரும்பாலான திட்டங்கள் 'உங்கள் அசல் பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். சில உரிமையாளர்கள் தரவையும் இலவசமாகத் தந்திருக்கிறார்கள்: ஈஏ 2007இல் முதல் கமாண்ட் அண்ட் கான்கரையும், ரெவல்யூஷன் நிறுவனம் 2003இல் பினீத் எ ஸ்டீல் ஸ்கை என்ற விளையாட்டையும் அப்படித் தந்தன.

அதுவும் இல்லையென்றால் எல்லாவற்றையும் புதிதாக வரையவேண்டியதுதான். ஃப்ரீடூம் திட்டம் டூம் எஞ்சினுக்கென்று அரக்கர் முதல் சுவர் வரை அனைத்தையும் புதிதாகச் செய்தது. ஓப்பன்டிடிடிக்கு ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ் என்ற படத்தொகுப்பும் அதற்கேற்ற ஒலி, இசைத் தொகுப்புகளும் உருவாயின. 2010இல் 1.0 பதிப்பு வந்தபோது அசல் கோப்பு ஒன்றுகூட இல்லாமல் விளையாட முடிந்தது.

இந்த ஓவியர்களின் வேலையை லேசாக எண்ணிவிட வேண்டாம். அசல் விளையாட்டில் மொத்தமே 256 நிறங்கள். அவற்றில் எட்டு, கம்பெனி நிறத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. ரயில் பெட்டியின் எந்தப் பகுதியை அந்த எட்டால் தீட்டுகிறீர்களோ, அந்தப் பகுதியை மட்டும் எஞ்சின் ஆட்டக்காரரின் நிறத்துக்கு, சிவப்போ பச்சையோ, மாற்றிக் காட்டும். தவறுதலாக ஒரு புள்ளி அந்த எட்டில் விழுந்தால், சிவப்புக் கம்பெனியின் நிலக்கரி வண்டியில் ஒரு சிவப்புக் கரித்துண்டு மின்னும்.

யார் இந்த ஆதரவாளர்கள்?

ஓப்பன் சோர்ஸ் என்றாலே நிரலாளர்கள் என்று எண்ணுகிறோம். ஆனால் இத்தகைய திட்டத்தை உயிரோடு வைத்திருப்பவர்களில் நிரல் எழுதாதவர்களும் நிறைய. மேலே சொன்ன ஓவியர்கள், இசையமைப்பவர்கள், லினக்ஸ் தொகுப்புகளில் விளையாட்டைச் சேர்த்துப் பராமரிப்பவர்கள், பலர் சேர்ந்து ஆடுவதற்குச் சர்வரை நடத்துபவர்கள், கையேடு எழுதுபவர்கள், பணம் அனுப்புபவர்கள். மொழிபெயர்ப்பாளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓப்பன்டிடிடியின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது என்றால் யாரோ உட்கார்ந்து ரயில் நிலையம், சமிக்ஞை, கடன், வட்டி என்று வரிவரியாக எழுதியிருக்கிறார்கள்.

என் பார்வையில் எல்லோரையும்விடக் குறைவாகப் பாராட்டப்படுபவர்கள், பிழையை ஒழுங்காகத் தெரிவிப்பவர்கள். டெமோ பற்றிச் சொன்னது ஓப்பன்டிடிடியில் பலர் சேர்ந்து ஆடும்போதும் பொருந்தும். ஒவ்வொருவர் கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிடுகிறது. இணையத்தில் போவது கட்டளைகள் மட்டுமே. ஒருவர் கணினியில் கணக்கு இம்மியளவு பிசகினாலும் டீசிங்க் வந்து அவர் வெளியேற்றப்படுவார். 'கேம் கட் ஆகுது, சரி பண்ணுங்க' என்று சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பதிப்பு, என்ன கூடுதல் தொகுப்புகளைச் சேர்த்திருந்தீர்கள், கோளாறு வருவதற்குச் சற்று முன் சேமித்த கோப்பு, எதை அழுத்தியதும் நடந்தது: இவ்வளவும் இருந்தால் உலகின் மறுமூலையில் இருப்பவர் அதே கோளாறைத் தன் திரையில் வரவழைத்துப் பார்த்துவிடுவார்.

ஆர்வத்தில் உபத்திரவம் செய்பவர்களும் உண்டு. 'அடுத்த பதிப்பு எப்போ?' என்று விடாமல் கேட்பது ஒன்று. அசல் தரவுக் கோப்புகளை எங்கே திருட்டுத்தனமாக இறக்கலாம் என்று திட்டத்தின் இடத்திலேயே கேட்பது இன்னொன்று. பின்னது வெறும் தொல்லையோடு நிற்காது. திட்டத்தின் சட்டப் பாதுகாப்பே 'நாங்கள் எஞ்சின் மட்டும்தான் தருகிறோம்' என்பதில் நிற்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

அசல் வட்டு கையில் இல்லாதவருக்கு ஓப்பன்டிடிடிதான் சுலபமான வாசல். முதல்முறை திறக்கும்போதே உங்களைக் கேட்டுவிட்டுப் படத்தொகுப்பை இறக்கிக்கொள்ளும். ஓப்பன்ஆர்ஏவும் தேவையான கோப்புகளை இறக்கித் தரட்டுமா என்று கேட்கும். சுட்டிச் சொடுக்கி விளையாடும் பழைய கதை விளையாட்டுகள் பிடிக்கும் என்றால் ஸ்கம்விஎம் எஞ்சினோடு பினீத் எ ஸ்டீல் ஸ்கையைச் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் தனி, தரவு தனி என்பது அதைக் கையால் நிறுவும்போது நன்றாகவே விளங்கும். ரோலர்கோஸ்டர் டைகூன் 2, மாரோவிண்ட் போன்றவற்றுக்கு அசல் பிரதி வேண்டும். பழைய விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைகளில் வாங்கி நிறுவிவிட்டு, ஓப்பன்ஆர்சிடி2 அல்லது (மாரோவிண்டுக்கான எஞ்சினான) ஓப்பன்எம்டபிள்யூ கேட்கும்போது அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். எதை இறக்கினாலும் அந்தந்தத் திட்டத்தின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள், ஏனென்றால் இதே பெயர்களை ஒட்டவைத்த போலி நிரல்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.